கதவைச் சாத்திவிட்டோம்... தட்டில் என்ன வைக்கப் போகிறோம்?

பால், தயிர் சாதம், மீன் தலை, பாக்கெட் தீனி: வீட்டுப் பூனைக்கு எது சரி, எவ்வளவு சரி?

“எங்க பாட்டி வீட்ல பூனைக்குத் தயிர் சாதம்தான். வருஷக்கணக்கா நல்லாத்தானே இருந்துச்சு?”

பூனைக்கு என்ன கொடுக்கலாம் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். ஆனால், பதில் பாட்டியின் அடுப்படியில் இல்லை. பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் இருக்கிறது.

அந்தப் பூனை காலையில் தயிர் சாதத்தை நக்கியது உண்மை. இரவெல்லாம் பரணிலும் கூரையிலும் வைக்கோல் போரிலும் அது என்ன செய்தது என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. எலி, பல்லி, குருவி, வெட்டுக்கிளி என்று அதற்குத் தனியாக ஒரு சாப்பாட்டு ஏற்பாடு இருந்தது. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். அதன் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும். எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்தில் டாரின் என்ற அமினோ அமிலம். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு எட்டு சுண்டெலி கிடைத்தால் அன்றைய தேவை முடிந்தது. தயிர் சாதம் அதற்கு நொறுக்குத்தீனிதான்.

இன்றைய பூனை மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், பால்கனிக்கு வலை அடித்த வீட்டில் வாழ்கிறது. கார் சக்கரம், தெருநாய், சண்டைக் காயம், தொற்றுநோய் எல்லாவற்றிலிருந்தும் அது தப்பித்தது. அந்த வகையில் நல்ல முடிவுதான். ஆனால், கதவைச் சாத்திய நாளோடு அதன் சொந்தச் சாப்பாடும் நின்றுபோனது. இனி அதன் உடம்புக்கு வேண்டியது எல்லாமே நாம் வைக்கும் தட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். தயிர் சாதம் முன்பு போதுமானதாகத் தெரிந்ததும், இப்போது போதாமல் போனதும் இதனால்தான்.

பூனையின் உடம்புக்குச் செய்யத் தெரியாதவை

நாய் நம்மோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்னப் பழகிய பிராணி. பூனை அப்படியல்ல. தானியக் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அத்தனை காலப் பழக்கத்திலும் அது நம் தானியத்தைத் தொடவில்லை. தானியத்தைத் தின்ற எலியைத்தான் தின்றது. கறியை மட்டுமே நம்பிப் பரிணமித்த உடம்புக்கு, கறியிலேயே தயாராகக் கிடைக்கும் சத்துகளைத் தானாகச் செய்துகொள்ளும் திறன் தேவைப்படவில்லை. அது மங்கிப்போனது.

கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனையால் முடியாது. வெயிலில் மணிக்கணக்கில் படுத்திருந்தாலும் அதன் தோலில் போதுமான வைட்டமின் டி உருவாகாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தையும் தேவையான அளவு அதனால் தயாரிக்க இயலாது. இவை எல்லாமே பிராணிகளின் கறி, கொழுப்பு, ஈரல் வழியாக வந்தாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் முதலிடம் டாரினுக்கு. 1975-ல் அமெரிக்காவில் கே.சி. ஹேய்ஸ் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கேசின் என்ற பால் புரதத்தையே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை கெட்டது; காரணம், டாரின் குறைபாடு. பாலில் எவ்வளவு புரதம் இருந்தாலும் பூனைக்கு வேண்டியது அதில் இல்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த அதிர்ச்சி 1987-ல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியான் குழுவினர், இதயம் வீங்கி வலுவிழந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அவற்றில் பல, கடையில் விற்ற பாக்கெட் உணவைத் தின்றவை. டாரின் சேர்த்துக் கொடுத்ததும் இதயம் தேறியது. அதன் பிறகே நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின. பூனைகளுக்கு அந்த வகை இதயநோய் வருவதும் அரிதானது. விலை கொடுத்து வாங்கும் உணவும் தப்பாகலாம், ஆய்வு வந்தால் திருத்தவும் படலாம் என்பதை அந்தச் சம்பவம் சொல்கிறது.

ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் விஷயம் இன்னும் கறாரானது. வயிறு காய்ந்த பூனைக்கு ஆர்ஜினின் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தாலும் ரத்தத்தில் அம்மோனியா ஏறி நிலைகுலைந்துவிடும் என்று 1978-ல் மோரிஸ், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எந்தக் கறியிலும் ஆர்ஜினின் தாராளமாக இருப்பதால் நடைமுறையில் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், கறி இல்லாத சாப்பாட்டுக்கும் பூனைக்கும் எவ்வளவு தூரம் என்பது இதில் தெரிகிறது.

ஒரு கூடுதல் தகவல்: பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதனிடம் செயலிழந்து கிடப்பதை ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையம் 2005-ல் கண்டறிந்தது. புலிக்கும் சிறுத்தைக்கும் இதே கதைதான். உங்கள் பூனை ஐஸ்கிரீமுக்கு ஓடி வருவது சர்க்கரைக்காக இல்லை, கொழுப்புக்காக.

பால், மீன், ஈரல்: மூன்று நம்பிக்கைகள்

பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டார் கம்பர். பூனையையும் பாலையும் நாம் அப்போதிருந்தே பிரித்துப் பார்த்ததில்லை. பூனைக்குப் பால் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால், தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். வயிற்றுப்போக்கு அதன் விளைவு. செரித்தாலும் இன்னொரு சிக்கல்: 100 மில்லி டோன்டு பாலில் சுமார் 60 கலோரி இருக்கிறது. அன்றைய மொத்தத் தேவையில் அது நான்கில் ஒரு பங்கு! வயிறு நிறைந்த பூனை கறியை ஒதுக்கும். தயிரில் பால் சர்க்கரை குறைவு என்பதால் ஒரு டீஸ்பூன் கொடுத்தால் கெடுதலில்லை, அவசியமும் இல்லை.

தாயில்லாத குட்டி கையில் கிடைத்தால் பசும்பால் புகட்டுவது நம் வழக்கம். தாய்ப்பூனையின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட அதிகம். பசும்பாலில் குட்டிக்கு வேண்டிய சத்து கிடைக்காது, பேதியும் சேர்ந்தால் குட்டி தாங்காது. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கடைகளில் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

மீன் நல்ல புரதம். ஆனால், தினமும் மீன் மட்டுமே என்றால் ஆபத்து. சில வகைப் பச்சை மீன்களில் தயாமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. அந்த வைட்டமின் தீர்ந்துபோனால் பூனையின் தலை மார்போடு ஒட்டியதுபோல் தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். சூரை, மத்தி போன்ற எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனையே மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ போதாமல் உடலின் கொழுப்புத் திசு அழற்சி கண்டு, தொட்டாலே வலியில் துடிக்கும். வாரத்தில் ஓரிரு நாள், முள் எடுத்து, உப்பு போடாமல் வேகவைத்த மீன் சரி. குழம்பில் கிடந்த மீன் வேண்டாம். அதில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு அத்தனை.

ஈரல் மலிவு, பூனைக்கும் உயிர். கோழிக்கடையில் சொல்லிவைத்துத் தினமும் வாங்குகிறவர்கள் உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்து கிடக்கிறது. அதிகமானதை உடம்பு வெளியேற்றாமல் சேர்த்து வைக்கும். நாளடைவில் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று இறுகி, தன் முதுகை நக்கித் துடைக்கக்கூடத் திரும்ப முடியாமல் போகும். வாரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும்.

எலும்பில்லாத கறியை மட்டுமே கொடுப்பதும் இதே ரகம்தான். கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு இப்படிக் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். சோஃபாவிலிருந்து குதித்த குட்டியின் கால் ஒடிந்தது என்று தூக்கிக்கொண்டு ஓடும் வீடுகளில், பல நேரம் குற்றவாளி சோஃபா இல்லை, வெறும் சிக்கன்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பளபளக்கும் பூனையும் மீனும் இருக்கும். நாம் படிக்க வேண்டியது பின்பக்கப் பொடி எழுத்துகளை.

முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வாசகம். இது இருந்தால், அந்த உணவை மட்டுமே நம்பி ஒரு பூனை வாழலாம் என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘காம்ப்ளிமென்ட்ரி’ என்றிருந்தால் அது கூடுதல் தீனி மட்டுமே. பிதுக்கிக் கொடுக்கும் க்ரீம் ட்யூப்களில் பெரும்பாலானவையும், கறித்துண்டுகள் மிதக்கும் சில பவுச்களும் இந்த வகை. அடுத்து வயது: குட்டிக்கா, வளர்ந்த பூனைக்கா, எல்லா வயதுக்குமா?

மூன்றாவது, புரதம். அமெரிக்காவின் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அமைப்பின் அளவுகோல்படி, ஈரப்பதத்தைக் கழித்த பிறகு வளர்ந்த பூனையின் உணவில் குறைந்தது 26 சதவீதமும், குட்டியின் உணவில் 30 சதவீதமும் புரதம் வேண்டும். ‘ஈரப்பதத்தைக் கழித்த பிறகு’ என்பதில்தான் பலர் ஏமாறுகிறோம். ஒரு ட்ரை ஃபுட் பாக்கெட்டில் புரதம் 32 சதவீதம், ஈரப்பதம் 10 என்று இருக்கிறது. பக்கத்தில் உள்ள பவுச்சில் புரதம் வெறும் 10, ஈரப்பதம் 82. பார்த்ததும் ட்ரை ஃபுட்தான் சத்தானது என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். பவுச்சில் தண்ணீர் போக மிச்சம் 18 பங்கு. அதில் 10 பங்கு புரதம், அதாவது சுமார் 55 சதவீதம். ட்ரை ஃபுட்டில் மிச்சம் 90. அதில் 32, அதாவது 35 சதவீதத்துக்குச் சற்று மேல். தராசு அப்படியே மாறிவிட்டது.

நான்காவது, மாவுச்சத்து. இதைப் பல நிறுவனங்கள் அச்சிடுவதே இல்லை. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல், ஈரப்பதம் ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் கிடைத்துவிடும். வேகவைத்த மாவுச்சத்தைப் பூனை ஓரளவு செரிக்கும். அது நஞ்சு இல்லை. ஆனால், சேர்மானப் பட்டியலில் கறிக்கு முன்னால் மக்காச்சோளமும் கோதுமையும் நின்றால், விலைக்கேற்ற சரக்கு இல்லை என்று அர்த்தம். பட்டியல் எடை வரிசையில்தான் எழுதப்படுகிறது.

நாய்த் தீனியைப் பூனைக்குப் பகிர வேண்டாம். டாரினை நாயின் உடம்பு பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் நாய் உணவில் அதைச் சேர்த்தாக வேண்டிய கட்டாயமில்லை.

தண்ணீரும் சாப்பாடுதான்

வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வாரிசு நம் வீட்டுப் பூனை. தாகம் அதற்கு மெதுவாகத்தான் எடுக்கும். இரையிலேயே தண்ணீர் கிடைத்துவந்ததால் கிண்ணத்தைத் தேடும் பழக்கம் குறைவு. ட்ரை ஃபுட்டில் இருப்பதோ 10 சதவீத ஈரம்தான். நான்கு கிலோ பூனைக்கு உணவும் குடிநீரும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். 80 கிராம் பவுச் ஒன்றிலேயே 60 மில்லிக்கு மேல் போய்விடுகிறது. ட்ரை ஃபுட் மட்டும் தரும் வீடுகளில் தினம் ஒரு பவுச்சாவது சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டுப்படி ஆகவில்லையா? ட்ரை ஃபுட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். அகலமான கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஈர உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, கத்துகிறது என்றால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயைத் தேடக் கூடாது. சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த இரவே மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது?

கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 240 கலோரி போதும். ட்ரை ஃபுட்டில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருப்பதால், அது மட்டும் என்றால் ஏறக்குறைய 60 கிராம். இரண்டு பவுச் கொடுக்கிறீர்கள் என்றால் ட்ரை ஃபுட் 25 கிராம். கண் அளவு வேண்டாம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, எந்தக் கரண்டிக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நொறுக்குத்தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேகவைத்த சிக்கன் 15 கிராமிலேயே அந்தப் பங்கு முடிந்துவிடும். ஒரு முழு முட்டை என்றால் அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கு!

கருத்தடைக்குப் பிறகு பூனையின் கலோரித் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவையே தொடர்ந்தால் சில மாதங்களில் ஒரு கிலோ ஏறிவிடும். அறுபது கிலோ ஆளுக்குப் பதினைந்து கிலோ கூடியது போலத்தான் அது.

எடைமானி இல்லாவிட்டாலும் கை இருக்கிறது. பூனை நின்றுகொண்டிருக்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விலாவில் வைத்து லேசாகத் தடவுங்கள். முடிக்கு அடியில் விலா எலும்புகளைத் தனித்தனியாக உணர முடிந்தால் சரியான எடை. தேடி அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது என்றால் கூடுதல். தடவாமலே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் குறைவு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடுப்பு சற்று உள்வாங்கியிருக்க வேண்டும்.

குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் குவிந்து, மஞ்சள் காமாலையில் போய் முடியும். எந்தப் பூனையாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சமையலே போதாதா?

போதும்படி செய்யலாம், ஆனால், சிக்கனை வேகவைத்துச் சோறு பிசைவதோடு அது முடிவதில்லை. டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 114 பூனை உணவுக் குறிப்புகளை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிட முடிந்த 94 குறிப்புகளில் ஒன்றுகூட எல்லா அத்தியாவசியச் சத்துகளையும் தரவில்லை. கால்சியம், டாரின், வைட்டமின்களை அளந்து சேர்க்கும் குறிப்பை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சமைப்பது ஒரு வழி. முழுமையான பாக்கெட் உணவை அடித்தளமாக வைத்து, வீட்டுக் கறியைப் பக்க உணவாகக் கொடுப்பது எளிய வழி.

அப்படிக் கொடுக்கும் கறியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியும் இதயமும் மேல். டாரின் அவற்றில் அதிகம். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே ஊற்றுங்கள். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். பச்சைக் கறிதான் இயற்கை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சால்மொனெல்லா ஒருபுறம், பறவைக்காய்ச்சல் மறுபுறம். 2024-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், உறைநிலையில் விற்ற பச்சை வான்கோழிக் கறி உணவைத் தின்ற பூனை ஒன்று அந்த வைரஸால் இறந்தது.

சைவ வீடுகளுக்கு ஒரு சொல். வீட்டுக்குள் கறி நுழையக் கூடாது என்ற பழக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால், அந்த விரதம் நம்முடையது, பூனை எடுத்துக்கொண்டதல்ல. சமைக்காமல், கையில் படாமல், பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டும் அளவுக்கு மனம் இசைந்தால் பூனை வளர்க்கலாம். அதுவும் முடியாது என்றால் பூனையைவிட முயல் பொருத்தம்.

தட்டில் விழவே கூடாதவை

● வெங்காயம், பூண்டு: பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

● சாக்லேட், காபி, டீ, மது.

● திராட்சை, உலர்திராட்சை.

● பாராசிட்டமால்: காய்ச்சல் என்று ஒரே ஒரு மாத்திரை கொடுத்தாலும் பூனை இறக்கலாம். அதை முறிக்கும் நொதி அதன் ஈரலில் போதுமான அளவு இல்லை.

● லில்லிப் பூக்கள்: உணவல்ல, பூங்கொத்தில் வருவது. மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

மாற்றுவதில் அவசரம் வேண்டாம்

குட்டியில் பழகிய ருசியையும் பதத்தையும் பூனை லேசில் விடாது. பழைய உணவோடு புதியதைக் கால் பங்கு கலந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் முழுதாக மாறலாம். ஈர உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும். பூனை நாக்கைவிட மூக்கை நம்பும் பிராணி. குட்டியாக இருக்கும்போதே இரண்டு மூன்று வகைப் பதங்களைப் பழக்கிவிட்டால், பிற்பாடு சிறுநீரக நோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ தனி உணவு எழுதித் தரும்போது போராட்டம் இருக்காது. ஏழெட்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை நல்லது. வயதான பூனைகளில் சிறுநீரக நோய் சகஜம். அப்போது பாஸ்பரஸைக் குறைக்க வேண்டிவரும்.

சரியான உணவு என்பதற்குச் சான்றிதழ் பூனையிடமே இருக்கிறது. உதிராமல் மினுங்கும் ரோமம், உருவம் கலையாத மலம், மாதாமாதம் மாறாத எடை, தினமும் மணல் தட்டில் நல்ல அளவில் சிறுநீர்க் கட்டிகள். இவை நான்கும் இருந்தால் பிராண்டை மாற்ற வேண்டிய அவசியமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இறக்குமதிச் சரக்கு வாங்கினாலும் சரி. பணம் குறைவாக இருந்தால் க்ரீம் ட்யூபையும் பிஸ்கட்டையும் முதலில் நிறுத்துங்கள். அந்தக் காசை முழுமையான உணவுக்கும், மிஞ்சினால் பவுச்சுக்கும் திருப்புங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னைக்காரர்களுக்கு இருக்கிறது. மற்ற ஊர்களில் உங்கள் வழக்கமான மருத்துவர். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பூனையோடு அதன் தீனிப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதைத் திருப்பிப் பார்ப்பார்.